அவர்கிட்ட

வெருலம் நீதிமன்றம், மூன்றாம் அறை.
காலையிலேயே மின்வெட்டு.
ஒலிப்பதிவுக் கருவிக்கு மட்டும் ஜெனரேட்டர் உயிர்.
எங்கோ எரியும் கரும்புத்தோகையின் கரி
சன்னல் வழியே பறந்து வந்து
என் காகிதத்தில் உட்கார்கிறது,
நான் வைக்காத ஒரு முற்றுப்புள்ளி.

சாட்சி இசக்கிராஜ். சங்கரன்கோவில் பக்கம்.
ஃபீனிக்ஸில் மூன்று வருடம் பரோட்டா போட்டவர்.
சத்தியத்துக்கு உயர்த்திய கையில்
கல்லுச் சூட்டின் தழும்பு.

பாஸ்போர்ட் எங்கே இருந்தது?
'முதலாளிகிட்ட.'

வித் ஹிம், என்றேன்.
அரசு வழக்கறிஞர் மிஸ் படையாச்சி,
பெயரில் மட்டும் தமிழ் மிச்சமுள்ளவர்,
டர்பன் வழக்கில் திருப்பிக் கேட்டார்: பை ஹிம்?
அவர் வீட்டிலா என்று அர்த்தம்.
எதிர்த்தரப்பு பாதி எழுந்தது: ஆர் ஆன் ஹிம்?
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாரா என்று.
மாஜிஸ்ட்ரேட் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
என்னைப் பார்த்தார்.

இத்தனூண்டுச் சொற்கள்.
வாசலில் நிற்கும் வாட்ச்மேன்கள்.
யார் நிற்கிறார் என்பதை வைத்துத்தான்
உள்ளே இருப்பவர் காப்பாளரா, களவாணியா.
எங்கள் வாட்ச்மேன் பின்னால் வருவார்,
பெயர் உள்ளே போன பிறகு
கதவைச் சாத்த.

ஐ என்று கம்பம்போல் நிற்கும் எழுத்து
எந்த வாட்ச்மேனைத் தாண்டினாலும் மீ.
நான் என்ற நெடிலும் அப்படித்தான்,
ஒரு உருபு தொட்டால் போதும்,
என்னை, என்னால், எங்கிட்ட, குறுகிப்போகும்.
நீயும் குறுகுவாய்.
அவர் மட்டும் குறைவதில்லை.
அவரை, அவரால், அவருக்கு.
எது வந்து ஒட்டினாலும் அவர் அவர்தான்.
போன வாரம் கூண்டில் ஏறியபோதும் பார்த்தேன்.

தேநீர் இடைவேளையில் காவலர் ம்கிஸே சிரித்தார்.
'இதற்கா இவ்வளவு சண்டை?
எங்கள் ஜூலுவில் குயே.
அவரிடம் போனாலும் குயே, அவரிடமிருந்து வந்தாலும் குயே.'
எங்களுக்கும் ஒரு கு உண்டு என்றேன்.
'எங்கே வைப்பீர்கள்?'
பின்னால்.
'நாங்கள் முன்னால்,' என்றார்,
பிஸ்கட்டை இரண்டாக உடைத்து
ஒரு பாதியை என் பக்கம் தள்ளி.

மறுபடி கூண்டு. மறுபடி கேள்வி.
பையிலா, வீட்டிலா, சரியாகச் சொல்லுங்கள்.
இசக்கிராஜ் முதலாளியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.
'பெட்டி அவர்கிட்ட. சாவி அவர்கிட்ட.
பாஸ்போர்ட்டும் அவர்கிட்ட.
நானும் மூணு வருசம்
அவர்கிட்டதான் இருந்தேன்.'

நாக்கு நின்றுவிட்டது.
பாஸ்போர்ட்டுக்கு வித் போட்டேன்.
மனிதனுக்கும் வித் போட்டால்
கூட்டாளி ஆகிவிடுவான், கைகோத்து நடந்தவன்போல்.
ஃபார் போட்டால் சம்பளம் வந்ததாகத் தோன்றும்.
அண்டர்? அதைச் சொல்ல
எனக்கு உரிமை இல்லை, அவர் சொல்லவில்லை.

யுவர் வர்ஷிப், என்றேன்,
சாட்சி பெட்டிக்கும் சாவிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தனக்கும்
ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது.
மாஜிஸ்ட்ரேட் எழுதினார், நிறைய நேரம்.
எந்தச் சொல்லை என்று
என் இருக்கையிலிருந்து தெரியவில்லை.

மாலை. கார் நிறுத்தத்தில் மிஸ் படையாச்சி
கண்ணாடியை இறக்கி, 'கமிங் வித்?' என்றார்.
இந்த ஊரில் அதோடு முடிந்துவிடும் வாக்கியம்.
வித்துக்கு அப்புறம் ஆளே இல்லை,
யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம்.

கதவில் கை வைத்தபோது
பின்னாலிருந்து இசக்கிராஜ்.
'மேடம், பாஸ்போர்ட் இப்ப யார்கிட்ட?'

கோர்ட்டுகிட்ட. சான்றுப்பொருள், எண் நான்கு.

'ஓ,' என்றார்.
தழும்புக் கையால் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.
'எங்கிட்ட எப்ப வரும்?'